நான் வெட்டிய மண்

செத்துப்போன என் கணவரின் பெயரைக் கூப்பிட்டார்கள். "இருக்கேன்" என்று நான் பதில் சொன்னேன்.

வைகாசிக் கடைசியில் ஒரு காலை நேரம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, சிற்றாற்றிலிருந்து எங்கள் வாய்க்கால் பிரிகிற தலைமடை. ஆண்கள் எல்லாரும் மண்வெட்டியோடு கரையில் நின்றார்கள். வாய்க்காலுக்கு மணியம் பார்த்தவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. அவர் ஒவ்வொரு வீட்டுக்காரர் பெயராகக் கூப்பிடுவார். அந்த வீட்டு ஆள் "இருக்கேன்" என்று குரல் கொடுத்துவிட்டு வாய்க்காலில் இறங்கவேண்டும்.

"சுப்பையா" என்று கூப்பிட்டார்.

என் கணவர் அந்த வருடம் தை மாதமே மலைக்காய்ச்சலில் போய்விட்டார். ஆனாலும் பெயர் மாறாது. மகன் தலையெடுக்கிறவரை அப்பன் பெயரைத்தான் கூப்பிடுவார்கள், அண்ணனோ தம்பியோ பதில் சொல்வார்கள். எனக்கு மகன் இல்லை, கைக்குழந்தையாக ஒரு மகள். கணவரின் அண்ணன் சங்கரலிங்கம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

அத்தனை தலைகளும் திரும்பின. வெள்ளைச் சேலையும் தோளில் என் கணவரின் மண்வெட்டியுமாக நான் பின்னால் நின்றிருந்தேன். கால் நடுங்கியது. சேலை அதை மறைத்தது. சேலையால் எனக்குக் கிடைத்த ஒரே உபகாரம் அதுதான்.

அருவியைப் பற்றி ஏன் எழுதவில்லை?

இந்த இடத்தில், இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகருக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. சென்னையிலிருந்து கேட்டிருக்கிறார். "நீங்கள் குற்றாலத்துப் பக்கம். அருவியின் அழகைப் பற்றி ஒரு வரி எழுதக்கூடாதா? வாராவாரம் புகுந்த வீட்டுச் சண்டைதானா?"

ஐயா, அருவி அழகு என்பதே வெளியூர்க்காரர்கள் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சீசன் வந்தால் மோட்டாரிலும் வில்வண்டியிலும் வந்து இறங்குவார்கள். உடம்பெல்லாம் எண்ணெயைப் பூசிக்கொண்டு அருவிக்கு அடியில் நின்று "ஆகா" என்பார்கள். பங்களா வாசலில் உட்கார்ந்து மங்குஸ்தான் பழம் உடைப்பார்கள். அதைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனால் அதற்கும் ஒரு "ஆகா".

குற்றாலத்திலிருந்து யார் வந்தாலும் நாங்களும் "அருவி எப்படி விழுது?" என்று கேட்போம். தலைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும், நாற்றங்காலுக்கு எப்போது பாயும் என்று தெரிந்துகொள்ளத்தான். அருவியில் விழுகிற தண்ணீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. சிற்றாறாகி, வாய்க்காலாகி, மடை வழியாக எங்கள் வயலுக்கு வரும். எங்கள் சோறு அதில் இருந்தது.

சாரல் வருவதைச் சொல்ல எங்களுக்குப் பஞ்சாங்கம் வேண்டாம். செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமிருந்து காற்று திரும்பும். தென்னை ஓலையெல்லாம் கிழக்குப் பார்த்துச் சாயும். அப்போது தென்காசிப் பெரிய கோயில் கோபுரம் இடிந்து மொட்டையாக நின்றது. அதன் வாசலில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும். வெயில் அடிக்கும்போதே முகம் பொடிப்பொடியாக நனையும். துவைத்த துணி காயாது. அப்பளம் நமத்துப்போகும். ஜாடியில் உப்பு கசியும். அந்த உப்பைப் பார்த்துத்தான் நாங்கள் விதைநெல்லை ஊறப்போடுவோம்.

சாரல் தண்ணீரில் கார் சாகுபடி, ஐப்பசி மழையில் பிசானம். கார் விட்டுப்போனால் பங்குனிவரை நெல் குதிருக்குள் கையை விட்டால் தரைதான் தட்டும். இதைத் தெரிந்துகொண்டு அருவியைப் பார்த்தால் "ஆகா" வராது. நெல்லுக் கணக்குதான் வரும்.

வீட்டுக்கு ஓர் ஆள்

கோடை முழுக்க வாய்க்காலில் மணல் மேடிட்டுக் கிடக்கும். சாரலுக்கு முன்னால் அதை வெட்டி அள்ளவேண்டும். சர்க்காரும் வராது, ஜமீனும் வராது. வயல் உள்ள வீடெல்லாம் ஆளுக்கொரு துண்டு வெட்டவேண்டும். கூலிக்கு ஆள் வைக்கக்கூடாது, அந்த வீட்டு ஆளே இறங்கவேண்டும். வெட்டின வீட்டுக்கு, முறை வைத்துப் பாய்ச்சுகிற முறைத்தண்ணீர் உண்டு. வெட்டாத வீட்டுக்குக் கிடையாது. நல்ல ஏற்பாடு. இன்றைக்கும் அதில் நான் குறை சொல்லமாட்டேன்.

குறை வேறு இடத்தில் இருந்தது. தலைமடையில் மடைச்சாமி என்று ஒரு கல் நட்டிருந்தது. அதற்குப் பூசை போட்டுவிட்டால், தண்ணீர் வந்து சேரும்வரை பெண்கள் வாய்க்காலில் இறங்கக்கூடாது. இறங்கினால் தண்ணீர் கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விடுமாம்.

நாற்றுப் பிடுங்குகிறவள் பெண். முழங்கால் சேற்றில் நின்று நடுகிறவள் பெண். களை எடுக்கவும், கதிர் அறுக்கவும், புடைக்கவும், குத்தவும் பெண். அங்கேயெல்லாம் கோபித்துக்கொள்ளாத தண்ணீர், வாய்க்காலில் மட்டும் எங்கள் காலைப் பார்த்துக் கோபித்துக்கொள்ளும்! நான் அதை ஒருநாளும் நம்பவில்லை. கணவர் இருந்தவரை வாய்விட்டுச் சொல்ல அவசியம் வரவில்லை, அவ்வளவுதான்.

அத்தானின் உதவி

என் கணவரின் அண்ணன் கெட்டவர் இல்லை. இதை எழுதாவிட்டால் அவருடைய பேரப்பிள்ளைகள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். என் கணவர் காய்ச்சலில் கிடந்தபோது வண்டி கட்டிச் செங்கோட்டைக்குப் போய் வைத்தியரை அழைத்துவந்தவர் அவர்தான். ஆனால் நல்லவர்களுக்கும் பக்கத்து வயல் வரப்பைப் பார்த்தால் கை அரிக்கும்.

எங்கள் பக்கத்தில் அப்போது தம்பி மனைவியோடு மூத்தவர் நேருக்கு நேர் பேசமாட்டார். விரல்கூடப் படக்கூடாது. சொல்லவேண்டியதை யாரிடமாவது சொல்லுவார். வாய்க்கால் வெட்டுக்கு முன்னால் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, பக்கத்தில் இருந்த தன் மனைவியிடம் சொன்னார்.

"அவகிட்ட சொல்லு. வாய்க்கா வெட்டுக்கு அவளுக்குப் பதிலா நம்ம பய எறங்கட்டும். வயலையும் நானே சேத்து உழுதுக்கிடுதேன். அவளுக்கும் பிள்ளைக்கும் வேண்டிய நெல்லு நம்ம வீட்டுல இருந்து போயிரும். ஒண்ணும் கவலைப்படாண்டாம்னு சொல்லு."

கேட்பதற்கு இதமாகத்தான் இருந்தது. இலத்தூரில் புருஷனை இழந்த என் சித்தி மகளுக்கும் புகுந்த வீட்டார் இப்படித்தான் இதமாகச் சொன்னார்கள். அவளுக்காக வாய்க்கால் வெட்டினார்கள். தண்ணீர் அவர்கள் கைக்குப் போனது. தண்ணீருக்குப் பின்னாலேயே வயலும் போனது. கடைசியில் தன் வயல் நெல்லை அவள் அவர்கள் முற்றத்தில் கூலிக்குப் புடைத்தாள். நான் கண்ணால் பார்த்தேன்.

எனக்கும் என் மகளுக்கும் இருந்தது, மருத மரத்து வளைவுக்குக் கீழே கோட்டை விதைப்பாடு, அதாவது ஒரு கோட்டை விதைநெல் பிடிக்கிற வயல். அது போனால் நானும் முறத்தோடு யார் முற்றத்திலாவது உட்காரவேண்டியதுதான்.

"அக்கா, அத்தான்கிட்ட சொல்லுங்க. எங்க வீட்டு மம்பட்டி எங்க வீட்டுலதான் இருக்கு. அதைப் புடிக்கக் கையும் இருக்கு" என்றேன்.

அக்கா அதை அவரிடம் திருப்பிச் சொல்லவில்லை. அவர் காதில்தான் விழுந்துவிட்டதே!

கற்பூர ஆணை

தலைமடைக்கு வருகிறேன். என் பதிலைக் கேட்டு ஆவுடையப்பன் அண்ணாச்சி பெயர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி உலகம்மா, என்னட்டி கூத்து இது? வீட்டுக்குப் போ."

"பேரைக் கூப்பிட்டீங்க, வந்தேன். அந்த வீட்டுக்கு ஆளு நான்தான் அண்ணாச்சி."

"பொம்பளை எறங்கினா தண்ணி வராதுட்டி."

"நடவுக்கு நாங்கதான் எறங்குதோம். நெல்லு வரத்தானே செய்யுது?"

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். சிரித்தவரை அத்தான் முறைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அண்ணாச்சி, அவளுக்குள்ள துண்டு மருத மரத்து வளைவு. எறங்கி வெட்டட்டும், பாப்போம். ஆனா ஒண்ணு. பொம்பளை நிக்கிற வாய்க்காலுக்குள்ள ஆம்பளை எவனும் கால் வைக்கக் கூடாது. அவ மேல ஏறின பொறவுதான் நாம எறங்கணும். இதுக்கு மடைச்சாமி மேல ஆணை வைங்க."

கற்பூரம் கொளுத்தினார்கள். ஒவ்வொருவரும் அதற்கு நேரே கையை நீட்டி ஆணையிட்டார்கள். உச்சிக்கு முன்னால் நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அழுதுகொண்டே ஏறுவேன் என்று அவர்கள் நினைப்பு. அந்த ஆணையை அவர்களே கொண்டுவந்தார்கள் என்பதை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டும்.

மருத மரத்து வளைவு வாய்க்காலிலேயே மோசமான இடம். வெள்ளைப் பட்டை உரிந்து நிற்கிற பெரிய மரம். அதன் வேரெல்லாம் வாய்க்காலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். வேரில் மணல் தங்கித் தங்கி இடுப்பு உயரத்துக்கு மேடாகியிருந்தது. ஒரு பக்கம் தாழம்புதர். கரை மண்ணில் மீன்கொத்தி பொந்து வைத்திருந்தது. நான் இறங்கினதும் அது வெளியே வந்து என்னைப் பார்த்துக் கத்து கத்தென்று கத்தியது. நீயுமா என்று கேட்டேன்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெட்டினேன். அன்றைக்கு உச்சியும் வந்தது, பொழுதும் சாய்ந்தது. நான் அழவில்லை, ஏறவுமில்லை. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். மேல்மணல் சுட்டது, அடிமணல் சில்லென்று இருந்தது. வெட்ட வெட்ட நண்டு ஓடியது. உள்ளங்கை கொப்புளம் உடைந்து மண்வெட்டிப் பிடியில் ஒட்டிக்கொண்டது. கடகப்பெட்டியில் அள்ளி அள்ளிக் கரையில் கொட்டினேன்.

எங்கள் வயலில் நடவுக்கு வருகிற மாடத்தி, என் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பாள். கூலியாள் உதவக்கூடாது என்பதால் அவள் கை வைக்கமுடியாது. அதற்கும் சேர்த்து வாய் ஓயாது. தாழம்புதருக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்க்கிற ஆண்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, அவரவர் வீட்டில் நேற்று என்ன சண்டை என்று எனக்கு உரக்கச் சொல்லுவாள். எட்டிப் பார்க்கிற தலை காணாமல் போகும். அந்த நாட்களில் நான் சிரித்ததெல்லாம் அவளால்தான்.

வளைவு சுத்தமாயிற்று. நான் ஏறினேன். அதற்குப் பிறகே மற்றவர்கள் இறங்கி, தங்கள் தங்கள் துண்டை வெட்டிமுடித்தார்கள்.

சேர்த்தியில்லாத வெட்டு

முறைத்தண்ணீர் பேசி முடிக்க மருத மரத்தடியில் கூடினார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். ஆவுடையப்பன் அண்ணாச்சி வளைவை எட்டிப் பார்த்தார். "சுத்தமா வெட்டியிருக்கா" என்று ஒப்புக்கொண்டார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"ஆனாலும் பொம்பளை வெட்டுனது முறைல சேராது. நாளைக்கு ஆளாளுக்குப் பொண்டாட்டியை அனுப்பிட்டு வீட்டுல படுத்துக்கிடுவானுவ. சுப்பையா வீட்டு முறைத்தண்ணி சங்கரலிங்கம் கைலயே இருக்கட்டும்."

ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை அவர்கள் அழுகை என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

"அப்போ நான் வெட்டினது?" என்று கேட்டேன்.

"அது சேர்த்தியில்ல தாயி."

"வெட்டாத மாதிரிதானா?"

"அப்படித்தான் வச்சுக்கிடணும்."

"நல்லது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பிள்ளைக்குச் சோறு ஊட்டினேன். மண்வெட்டியைக் கழுவி வைத்தேன். உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தேன். உப்பு நன்றாகக் கசிந்திருந்தது.

மண் என்னுடையது

மறுநாள் விடிந்ததும் மலை முழுவதும் கறுத்துக் கிடந்தது. காற்றில் ஈர மண் வாடை. குற்றாலத்துப் பால்காரர் தெருவில் சொல்லிக்கொண்டு போனார், "அருவி செக்கச்செவேல்னு விழுது." அப்படியானால் அன்றைக்கே எங்கள் தலைமடையில் தண்ணீர். புதுத்தண்ணீரில் வருகிற வண்டல்தான் நாற்றங்காலுக்கு எரு. எல்லார் வீட்டிலும் விதைநெல் முளைகட்டித் தயாராக இருந்தது.

நான் மருத மரத்து வளைவில் இறங்கினேன். கரையில் குவித்திருந்த என் மணலை, நான் அள்ளிக் கொட்டின அதே மணலை, ஒவ்வொரு பெட்டியாக வாய்க்காலுக்குள் திருப்பிப் போட்டேன். வெட்ட எனக்கு அத்தனை நாள் ஆயிற்று. போட அவ்வளவு நேரம் ஆகவில்லை. வேர்கள் நெருக்கிப் பிடித்திருந்த இடத்தில் மேடு மளமளவென்று எழும்பியது. தண்ணீர் வந்தால் அங்கே முட்டி, தாழம்புதர் வழியாகப் பொட்டலுக்குத்தான் பாயும். வளைவுக்குக் கீழே பாதி ஊர் வயல். கடைசியில் அத்தானின் வயல்.

சேதி பரவி எல்லாரும் ஓடிவந்தார்கள்.

"ஏட்டி! என்ன காரியம் செய்யுதே?" ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு மூச்சு இரைத்தது.

"நான் வெட்டலைன்னு நீங்கதானே சொன்னீங்க? வெட்டாத எடத்துல மண்ணு கெடக்கத்தானே செய்யும்? அதான் போடுதேன்."

"ஏலே, எறங்கி மம்பட்டியைப் புடுங்குங்கலே!"

ஒருவரும் அசையவில்லை. முன்னால் நின்ற ஒருவர் மெதுவாகச் சொன்னார், "அண்ணாச்சி, ஆணை இருக்குல்லா? பொம்பளை நிக்கிற வாய்க்காலுக்குள்ள எறங்கக் கூடாதுன்னு கற்பூரத்துல கையைக் காட்டியிருக்கோம்லா?"

எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள். ஆணை அவர் கேட்டு வாங்கினது. போதாக்குறைக்கு அவர் என்னைத் தொடவும் கூடாது, என்னிடம் பேசவும் கூடாது. அவர் மலையைப் பார்த்தார். மலை இன்னும் கறுத்தது.

அண்ணாச்சி மாடத்தியிடம் திரும்பினார். "நீ எறங்கி அவளைப் புடிச்சு இழுத்துட்டு வா."

மாடத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஐயையோ, பொம்பளை எறங்கினா தண்ணி வராதுல்லா ஐயா? ஒருத்தி எறங்கினதே போதாதா? பாவம் என்னைச் சேரவா?"

நான் போட்டுக்கொண்டே இருந்தேன். அப்போது எனக்குக் கால் நடுங்கவில்லை. அவ்வளவு பேர் தலைக்கு மேலே நின்று கத்த, வாய்க்காலுக்குள் நான் ஒருத்தி நின்றேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னாலும் பின்னாலும் எனக்கு அத்தனை பலம் இருந்ததில்லை.

மேற்கே தலைமடைப் பக்கமிருந்து ஆள் ஓடிவந்தான். "தண்ணி வந்துட்டு! தலைமடை தாண்டிட்டு!"

அண்ணாச்சி கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "உனக்கு என்னதான்ட்டி வேணும்?"

"நான் வெட்டினது வெட்டுன்னு சொல்லுங்க. மடைச்சாமி பேரைச் சொல்லிச் சொல்லுங்க. இங்கன எல்லாருக்கும் கேக்கணும்."

சொன்னார். முதலில் முணுமுணுத்தார். கேக்கல அண்ணாச்சி என்றேன். உரக்கச் சொன்னார்: "மடைச்சாமி அறிய, உலகம்மா வெட்டுனது வெட்டுதான். முறைத்தண்ணி அவ கைக்குத்தான்."

"சரி. அப்போ இதை இப்ப அள்ளணும். நான் ஒருத்தியா அள்ளினா தண்ணி முந்திரும். உங்க ஆணை, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வெட்ட ஆரம்பித்தேன்.

என் பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம். யார் குதித்தது என்று நிமிர்ந்து பார்த்தேன். அத்தான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கடைமடை வயல்காரருக்கு எந்த ஆணை பெரிதாகத் தெரியும்? அவர் குதித்ததும் மற்றவர்களும் குதித்தார்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு மணலை அள்ளி எறிந்தோம். "ஏட்டி உலகம்மா, அந்த வேரு கிட்ட அள்ளு!" என்று அத்தான் கத்தினார். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

தண்ணீர் வளைவு திரும்பி வந்தது. செம்மண் நிறம். முன்னால் நுரை, அதில் மலைச்சருகு, பலாக்கொட்டை, செத்த தட்டான். முழங்காலில் அடித்தது. ஐஸ் மாதிரி இருந்தது. நான் இறங்கின வாய்க்காலில், நான் நிற்கும்போதே, எந்தக் கோபமும் இல்லாமல் என்னைத் தாண்டிப் போனது. என் வயல் மடையை நான் என் கையாலேயே திறந்தேன்.

அடுத்த வருடம்

இதைப் படித்துவிட்டு "அந்தக் காலத்து ஒற்றுமையே தனி" என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். ஒற்றுமை தானாக வரவில்லை ஐயா. வாய்க்காலில் மணல் ஏறின பிறகுதான் வந்தது.

அடுத்த வைகாசிக் கடைசியிலும் தலைமடையில் கூடினோம். மண்வெட்டியோடு நான் முன்வரிசையில் நின்றேன். ஆவுடையப்பன் அண்ணாச்சி பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். என் கணவர் பெயர் வருகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உலகம்மா" என்றார்.

அந்த வாய்க்காலில் அதுவரை ஒரு பெண் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனாலும் பதில் சொல்லாமல் நின்றேன். இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று.

கூப்பிட்டார்.